பாதி வழியில் பத்து நிமிடம்

நெரவி,
24.6.2025

தமிழுக்கு,

அண்ணன் கதிரவன் எழுதுகிறேன். என் நம்பரை நீ தடுத்து வைத்திருப்பதால் பேனாவைப் பிடிக்க வேண்டியதாகிவிட்டது. பள்ளிக்கூடம் விட்டபிறகு இவ்வளவு நீளமாக நான் எழுதியதில்லை. எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

இதோடு ட்யூப் பெட்டி ஒன்று வருகிறது. மூத்திரம் எடுக்க நீ போடுகிற அதே பன்னிரண்டாம் நம்பர். காலை ஐந்தரை பஸ் கண்டக்டர் செல்லக்கண்ணுவிடம் கொடுத்திருக்கிறேன். காரைக்காலிலிருந்து பாண்டிக்கு மருந்தும் மாவும் மாப்பிள்ளைக்கு மீன்குழம்பும் கொண்டுபோய்ச் சேர்க்கிற மனிதர். உன் பெட்டியையா தொலைத்துவிடப் போகிறார்? அம்மா கொடுத்த பருப்புப்பொடியும் அவரிடம்தான் இருக்கிறது.

காய்ச்சல் விட்டதா? உன்னோடு தங்கியிருக்கிற வினோதா போன் செய்திருக்காவிட்டால் நீ அங்கே சுருண்டு கிடந்தது எங்களுக்குத் தெரிந்தே இருக்காது. கூடப் பிறந்தவனுக்குச் சொல்லாமல் ஐந்து நாள் மாத்திரை விழுங்கியிருக்கிறாய்.

நான் செய்த குற்றம் என்ன, அதைச் சொல். உன்னை வேலையில் சேர்க்க உன்னோடு பஸ் ஏறினேன். பாதி வழியில் பஸ் பத்து நிமிடம்தான் நிற்கும். அந்தக் கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லை. வெளியே ஏழெட்டுப் பெண்கள் கதவை இடித்துக்கொண்டு நின்றார்கள். நான் காவல் நிற்காமல் டீ குடித்துக்கொண்டு இருந்திருக்க வேண்டுமா? முதுகெலும்பு அடிபட்டு ஏழு வருடமாக யார் உன் பின்னாலேயே நிற்கிறார்கள்? அதற்கு நீ கொடுத்த பரிசு, பஸ் முழுக்கப் பார்க்க "என் பக்கத்துல ஒக்காராத" என்றது.

பஸ் பயணம் என்றால் முந்தின ராத்திரியே தண்ணீரை நிறுத்திவிடு என்று அம்மாவும் சொன்னாள், நானும் சொன்னேன். கேட்காமல் குடித்தாய். காய்ச்சல் வராமல் என்ன செய்யும்?

போகட்டும். நீ கவலைப்படாதே. நான் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறேன். ஆடி பிறப்பதற்குள் நீ வீட்டில் இருப்பாய்.

கதிரவன்

*

பாண்டி,
27.6.2025

மரியாதைக்குரிய அண்ணன் அவர்களுக்கு,

பெட்டி வந்தது. எப்படி வந்தது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கண்ணாடி மாதிரி உள்ளே இருப்பதெல்லாம் தெரிகிற பிளாஸ்டிக் கவரில் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். கண்டக்டர் அதைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "யாருங்க இங்க ட்யூப்பு பொண்ணு? நெரவி ட்யூப்பு!" என்று பஸ் நிலையம் அதிரக் கூப்பிட்டார். முப்பது வயதில் எனக்குக் கிடைத்த பட்டம் இது. கையை உயர்த்தி வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்ய?

அன்றைக்கு நடந்ததை நீங்கள் எழுதியிருப்பது பாதிதான். மீதியை நான் எழுதுகிறேன்.

காலை ஐந்து மணிக்கு வீட்டில் ட்யூப் போட்டேன். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மூத்திரம் எடுக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். பஸ் எட்டு மணிக்கு. கிளம்புமுன் இன்னொரு தடவை போய்விட்டு வருகிறேன் என்றேன். நீங்கள் துண்டைப் போட்டு சன்னல் சீட்டைப் பிடித்துவிட்டு, "எறங்குனா எடம் போயிடும், பேசாம ஒக்காரு" என்றீர்கள். உட்கார்ந்தேன். பாதி வழி வரும்போது மணி பத்தரை. அடிவயிறு கல்லாக இருந்தது.

என் கைப்பையில் ஒரே ஒரு ட்யூப். மற்றதெல்லாம் "பத்திரமா இருக்கட்டும்" என்று உங்கள் தோள்பையில். சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு, அதற்குப்பிறகு எதையும் தொடாமல் உறையைப் பிரிக்க வேண்டும். நுனி எதிலும் படக்கூடாது. ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்து, ஒரு காலை அழுத்தி நின்று, சின்னக் கண்ணாடியைப் பிடித்து இதைச் செய்ய எனக்கு ஆறு நிமிடம் போதும். ஏழு வருடமாகச் செய்கிறேன். தாழ்ப்பாள் இல்லாவிட்டால் பையின் வாரைக் கொக்கியில் முடிந்து இழுத்துப் பிடிக்கவும் எனக்குத் தெரியும்.

அப்போதுதான் நீங்கள் பெண்கள் பக்கம் என்றும் பார்க்காமல் உள்ளே வந்து கத்தினீர்கள். "உள்ள என் தங்கச்சி ட்யூப் போட்டு மூத்திரம் எடுக்குது! முதுகெலும்பு அடிபட்ட பொண்ணு! செத்த பொறுங்கம்மா!" எனக்குக் கை உதறிவிட்டது. ட்யூப்பின் நுனி அந்த அழுக்குக் கதவில் பட்டது. மாற்று ட்யூப் உங்கள் தோளில் தொங்கியது. கதவைத் திறந்து உங்களிடம் கேட்கவா? அதையே போட்டேன். காய்ச்சல் அதனால் வந்தது. தண்ணீர் குடித்ததால் வரவில்லை. தண்ணீர் குடிக்காமல் இருந்தால்தான் இன்னும் சீக்கிரம் வரும். மருத்துவமனையில் நர்ஸ் நம் இருவரையும் உட்கார வைத்து இதைச் சொன்னார். நீங்கள் தலையை ஆட்டிவிட்டு அம்மா பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

வெளியே வரிசையில் நின்றவர்களில் ஒருத்திதான் வினோதா. மறுநாள் அலுவலகத்தில் என் பக்கத்து நாற்காலி அவளுக்கு. என் பெயர் தெரியுமுன்னே என் மூத்திரம் அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஏற்பாடு என்று எழுதியிருக்கிறீர்களே, என்ன ஏற்பாடு?

தமிழ்மொழி

*

நெரவி,
30.6.2025

தமிழுக்கு,

அண்ணன் அவர்களாம், நீங்களாம். பிறந்ததிலிருந்து நீ, வா, போ என்று கூப்பிட்ட வாய்க்கு இப்போது என்ன வந்தது? உன் அண்ணி எழில்மதி கடிதத்தைப் படித்துவிட்டு, "நல்லா வேணும் ஒங்களுக்கு" என்கிறாள். வீட்டிலும் எனக்கு ஆள் இல்லை.

கதவுக்கு முன்னால் கத்தியது தப்பு. ஒத்துக்கொள்கிறேன். அவசரத்தில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்.

ஏற்பாடு என்னவென்று கேட்டாயே, சொல்கிறேன். மாற்றல் மனு போட்டாகிவிட்டது. காரைக்காலில் எனக்குத் தெரிந்த ஒருவர் இந்த மாதிரி நூறு மனு எழுதிக் கொடுத்தவர். பாண்டியில் வேலை கிடைத்த காரைக்கால்காரன் எவன் அங்கேயே இருந்தான்? கொஞ்ச காலத்திலேயே அம்மாவுக்கு நெஞ்சுவலி, அப்பாவுக்குக் கண் தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்துவிடுகிறார்கள். உனக்குப் பொய்கூட எழுத வேண்டாம். இருப்பதை எழுதினாலே போதும். உன் பழைய மருத்துவமனைச் சீட்டையும் சேர்த்தோம். "நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை குழாய் செலுத்த வேண்டியிருப்பதால் என்னால் பயணம் செய்யவோ தனியே தங்கவோ இயலாது" என்று அவர் அழகாக எழுதினார்.

நீ காய்ச்சலில் கிடந்தாய். அதனால் கையெழுத்தை நானே போட்டேன். உன் கையெழுத்து எனக்குப் பழக்கம்தானே.

நெரவியிலிருந்து காரைக்காலுக்குப் பத்து நிமிடம். மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, உன் வேலையையும் நம் குளியலறையிலேயே முடித்துக்கொண்டு போகலாம். இதைவிட என்ன வேண்டும் உனக்கு?

கதிரவன்

*

பாண்டி,
7.7.2025

கதிரவனுக்கு,

நீங்கள் என்று எழுதக் கைவரவில்லை. அண்ணன் என்று எழுதவும் வரவில்லை.

இன்று காலை என் மேசைக்கு ஒரு தாள் வந்தது. அப்படியே எழுதுகிறேன், படி. "பயணம் செய்யவும் தனியே தங்கிப் பணிபுரியவும் இயலாது எனத் தாங்களே தெரிவித்துள்ளதாலும், தங்களது பணி வெளியூர் ஆய்வுப் பயணங்களை உள்ளடக்கியது என்பதாலும், தகுதிகாண் பருவத்தில் தங்களது உடற்தகுதியை மறுபரிசீலனை செய்யும் பொருட்டு 21.7.2025 அன்று மருத்துவக் குழு முன் ஆஜராக வேண்டும்."

புரிகிறதா உனக்கு? நெஞ்சுவலி வந்த அம்மா வைத்திருக்கிறவர்கள் நிரந்தரமான ஊழியர்கள். அவர்களை இடம் மாற்றுவார்கள். நான் சேர்ந்து மூன்று வாரம் ஆன ஆள். என்னை வீட்டுக்கு அனுப்புவார்கள். உன் ஆளுக்கு நூறு மனு எழுதத் தெரிந்திருக்கிறது, இந்த ஒன்று தெரியவில்லை.

பாண்டி, காரைக்கால் மட்டும் இல்லை, மாஹேவுக்கும் ஏனாமுக்கும் ரயிலேறிப் போய்ப் பொருள் இருப்பைச் சரிபார்க்கிற வேலை இது. அது தெரிந்துதான் தேர்வு எழுதினேன். ஒருவன் கேரளக் கரையில் இருக்கிற ஊரைப் பார்ப்பான், ஒருவன் கோதாவரியைப் பார்ப்பான், நான் நெரவிக் குளியலறைச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிழவியாக வேண்டும், அதுதானே உன் ஆசை? ரயிலில் எப்படிச் சமாளிப்பது என்று எழுதி வைத்திருக்கிறேன். இரண்டு நாளைக்கு வேண்டியதைப்போல் இரண்டு மடங்கு ட்யூப், அதைப் பாதிப் பாதியாக இரண்டு பையில். ரயில் குழாய்த் தண்ணீரை நம்பாமல் கைகழுவ ஒரு பாட்டில். போட்ட ட்யூப்பை மூடிவைக்க ஜிப் கவர். மருத்துவர் கடிதம். ஒரு ராத்திரி ரயிலைச் சமாளிக்க முடியாதவளா நான்?

எனக்கு ஒன்று வேண்டும். அந்த மனு தமிழ்மொழி எழுதியது இல்லை, கையெழுத்தும் அவளுடையது இல்லை, நான்தான் போட்டேன் என்று என் அலுவலகத்துக்கு உன் கையால் எழுதிக் கொடு. 21ஆம் தேதிக்கு முன்னால் கொடு.

தமிழ்மொழி

*

நெரவி,
11.7.2025

தமிழுக்கு,

என் ஆளைப் போய்ப் பார்த்தேன். "எழுதிக் குடுத்தீங்கன்னா நீங்க உள்ள போவீங்க கதிரு. போலிக் கையெழுத்து, அரசாங்க ஆபீசு. வெளையாட்டா?" என்றார். மனுவை எழுதியது அவர் என்று எங்கும் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டார்.

எனக்கு ஏழு வயதில் மகள் இருக்கிறாள். நடவு நெருங்கும் நேரம். என்னைப் போலீஸ் அழைத்துக்கொண்டு போனால் ஊரில் தலைகாட்ட முடியுமா? கூடப் பிறந்தவளே காட்டிக் கொடுத்தாள் என்று சொல்ல மாட்டார்களா? நல்லது நினைத்துத்தானே செய்தேன். அதற்குத் தண்டனை இதுவா?

உனக்காக நான் எதை விட்டேன் என்று ஒருநாளாவது நினைத்திருக்கிறாயா? நீ மாடியிலிருந்து விழுந்த வருடம் நான் சிங்கப்பூர் போக இருந்தேன். உன்னை விட்டுவிட்டுப் போக மனசு வராமல்தானே இங்கே சேற்றில் நிற்கிறேன். உன் ட்யூப்புக்காக எத்தனை மருந்துக்கடை ஏறி இறங்கியிருப்பேன். மருந்துக்கடைப் பையன் ஒரு மாதிரி பார்ப்பான். வெட்கப்படாமல் வாங்கி வந்தேன்.

நீயே போய்ச் சொல். காய்ச்சலில் என்னவோ எழுதிவிட்டேன், இப்போது வேண்டாம் என்று சொன்னால் போயிற்று. உன் வாய் சாதாரண வாயா?

கதிரவன்

*

பாண்டி,
13.7.2025

அண்ணே,

இன்று ஞாயிற்றுக்கிழமை. விடுதியில் யாரும் இல்லை. அதனால் நிதானமாகக் கோபப்பட முடிகிறது.

சிங்கப்பூர். அந்தப் பேச்சை எடுக்காமல் இருந்திருக்கலாம். நீ போகாதது என்னால் இல்லை. ஏஜென்ட் பாஸ்போர்ட்டுகளோடு காணாமல் போனதால். நீயும் இன்னும் பதினோரு பேரும் நாகப்பட்டினம் வரை போய் அவன் வீட்டுப் பூட்டைப் பார்த்துவிட்டு வந்தீர்கள். அதற்குப் பிறகுதான் நான் விழுந்தேன். ஏழு வருடமாக வருகிறவர்களிடமெல்லாம் நீ என்னைக் காரணம் காட்டும்போது நான் வாயைத் திறக்கவில்லை. உனக்கு அது ஒரு கௌரவமாக இருந்தது, இருக்கட்டும் என்று விட்டேன். இனி விட மாட்டேன்.

நீ எனக்குச் செய்தது எதையும் நான் மறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் முதல் மாதம் நர்ஸ் கற்றுக்கொடுத்ததை அம்மா அழுதுகொண்டே பார்க்காமல் திரும்பிக்கொண்டாள். நீதான் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே நின்று ஒவ்வொன்றாகப் படித்தாய். "கையக் கழுவுனியா? ஜெல்லி தடவுனியா? மெதுவா, மெதுவா." அந்தக் கதிரவனை நான் கும்பிடுவேன். ஆனால் நான் கற்றுக்கொண்டுவிட்டேன் அண்ணே. ஆறு வருடத்துக்கு முன்னாலேயே கற்றுக்கொண்டுவிட்டேன். நீ இன்னும் கதவை விட்டு நகரவில்லை. நான் உள்ளே கஷ்டப்பட்டால்தான் வெளியே உனக்கு வேலை. அதனால்தான் என்னால் முடியாது என்று என் பெயரிலேயே எழுதிக் கொடுத்தாய்.

நானே போய்ச் சொல்ல வேண்டுமாம். என்ன சொல்ல? அந்த மனு நான் எழுதியது என்றால், என்னால் முடியாது என்று நானே சொன்னவள் ஆவேன். எழுதியது நான் இல்லை என்றால், யார் என்று கேட்பார்கள். உன் பெயரைச் சொல்ல வேண்டும். சொல்ல மாட்டேன் என்று உனக்குத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் நீ அங்கே காலை நீட்டிப் படுத்திருக்கிறாய்.

சொல்ல மாட்டேன். காய்ச்சலில் எழுதினேன் என்றே சொல்வேன். வேலை போனால் நெரவிக்கு வருவேன், வேறு எங்கே போவேன்? வந்து உன் வீட்டில் உன் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு, சாகும்வரை உன்னோடு ஒரு வார்த்தை பேசாமல் இருப்பேன். அதுதான் நீ ஏற்பாடு செய்தது.

தமிழ்மொழி

*

நெரவி,
18.7.2025

தமிழு,

நேற்றுப் பாண்டிக்கு வந்தேன். உன்னைப் பார்க்கவில்லை. பார்த்தால் நீ திட்டுவாய், நான் திரும்பக் கத்துவேன், வந்த காரியம் கெட்டுவிடும்.

உன் அலுவலகத்தில் கடிதத்தைக் கொடுத்துவிட்டேன். நான்கே வரி. மனுவை எழுதச் சொன்னது நான், கையெழுத்துப் போட்டது நான், அவளுக்குத் தெரியாது, அவளால் முடியாதென்று சொன்னது பொய். ஆதார் நகலும் வைத்தேன். வாங்கிக்கொண்ட ஆபீஸ் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இது குத்தம்னு தெரியுமா சார் ஒங்களுக்கு?" என்று கேட்டார். தெரியும் என்றேன். சீல் போட்ட நகலை இதோடு வைத்திருக்கிறேன். என் ஆளுக்குச் செய்த சத்தியத்தை மட்டும் காப்பாற்றினேன்.

நான் திருந்திவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. சிங்கப்பூர் விஷயத்தை நீ அப்படி எழுதியிருக்க வேண்டாம். எழில்மதியும் படித்தாள். இரண்டு நாள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சாதம் போட்டாள்.

ஒன்று சொல்ல வேண்டும். திரும்பி வரும்போது பஸ்சில் எனக்கு அவசரமாக வந்துவிட்டது. பாண்டியில் இரண்டு டீ குடித்திருந்தேன். டிரைவரிடம் போய்த் தலையைச் சொறிந்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஓரங்கட்டி நிறுத்தினார். இறங்கி, கருவேல மரத்தைப் பார்த்து நின்று ஒன்றுக்கு இருந்துவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் ஏறி வந்து உட்கார்ந்தேன். ஐம்பது பேர் இருந்த பஸ். ஒருத்தர் ஏறிட்டுப் பார்க்கவில்லை. யாரும் எனக்கு முதுகெலும்பு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. எனக்குப் பின் சீட்டில் கைக்குழந்தையோடு ஒரு பெண் இருந்தாள். பாண்டியிலிருந்து காரைக்கால் வரை அவள் இறங்கவே இல்லை, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அதற்குமுன் எத்தனை தடவை அதே பஸ்சில் போயிருக்கிறேன், ஒருநாளும் அதைக் கவனித்தது கிடையாது.

ஊர் வந்து சேரும்வரை எனக்கு என் மேலேயே எரிச்சலாக இருந்தது. வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் போ.

கதிரவன்

*

பாண்டி,
24.7.2025

அண்ணே,

முடிந்தது. தகுதி உண்டு என்று எழுதிவிட்டார்கள்.

குழுவில் மூன்று மருத்துவர்கள். நடுவில் இருந்தவர், "ரயிலில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். என் பையை மேசைமேல் திறந்து வைத்து, ஒவ்வொன்றையும் எடுத்துக் காட்டிச் சொன்னேன். ஓடுகிற ரயிலில் எந்தப் பக்கம் சாய்ந்து நிற்பது என்பது வரைக்கும் சொன்னேன். ஓரத்தில் இருந்த மருத்துவர் அம்மா என் பட்டியலை வாங்கித் தன் போனில் படம் எடுத்துக்கொண்டார். இன்னொரு நோயாளிக்குக் காட்டவாம்.

அலுவலகத்தில் உன் கடிதத்தை வைத்துக்கொண்டு, "உங்க அண்ணன் மேல நடவடிக்கை எடுக்கணுமா?" என்று கேட்டார்கள். "வேண்டாம், அதை வீட்டில் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். அதிகாரி சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை, நிஜமாகவே சொன்னேன். எழுத்துப்பூர்வமான எச்சரிக்கை ஒன்று உன் பெயருக்கு வரும். வாங்கி வை.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை. நேற்று அதிகாரி கூப்பிட்டு, காரைக்கால் கிளையில் மேசை வேலை ஒன்று காலியாக இருக்கிறது, பயணமே கிடையாது, வேண்டுமானால் தருகிறேன் என்றார். பரிவோடுதான் சொன்னார். யோசிக்க ஒருநாள் அவகாசம் கேட்டேன். ராத்திரி தூங்கவில்லை. அம்மா கையால் சாப்பாடு, நம் வீட்டுக் குளியலறை, தாழ்ப்பாள், கொக்கி, வெந்நீர் எல்லாம் கண்ணுக்குள் வந்தது. இங்கே விடுதியில் ஏழு பேருக்கு ஒரு குளியலறை. ஆசையாகத்தான் இருந்தது அண்ணே. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

இன்று காலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அடுத்த மாதம் 11ஆம் தேதி மாஹேவுக்கு டிக்கெட் போட்டிருக்கிறது. வினோதாவும் வருகிறாள். எனக்கு உதவிக்கு இல்லை, அவளுக்கும் அதே வேலை.

என் கோபம் தீரவில்லை. நீ எழுதிக் கொடுத்ததால் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன், தீரவில்லை. இன்னும் கொஞ்ச நாள் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும், நீ பயப்படாதே.

சனிக்கிழமை வருகிறேன். எந்த பஸ் என்று கேட்காதே. காரைக்கால் பஸ் நிலையத்தில் வண்டியோடு வந்து நிற்காதே. வழியில் எங்கே இறங்கினேன், எத்தனை தடவை போனேன் என்று வந்ததும் விசாரிக்காதே. நான் வந்து கதவைத் தட்டுவேன். நீ திற, போதும்.

தமிழு